காதுக்குள் நாலு நிரை

1

இந்த மாதத்தோடு நான் ஜெர்மனிக்கு வந்து பதினான்கு வருடம் முடிகிறது. வந்த நாளை வருடா வருடம் ஒரே மாதிரித்தான் கொண்டாடுகிறேன். ஆய்வுகூடத்துக்குப் போகும் வழியில் சைக்கிளை நிறுத்தி, மூலைப் பேக்கரியில் கறுவாத் தூள் தூவிச் சுருட்டிய பணிஸ் ஒன்று வாங்கி, நின்றபடியே சாப்பிடுவேன். அந்தப் பணிஸுக்கு இங்கே ஷ்னெக்கே என்று பெயர். ஷ்னெக்கே என்றால் நத்தை. காதுக்குள்ளே பட்டாணியளவில் சுருண்டு கிடந்து நமக்குச் சத்தத்தைக் கேட்கத் தருகிற உறுப்புக்கும் இவர்கள் அதே பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

வந்த முதல் வாரம் எனக்குத் தெரிந்த ஜெர்மன் சொற்களில் உருப்படியானவை இரண்டு. ஒன்று எலி, மற்றது ஷ்னெக்கே. இரண்டையும் ஆய்வுகூடத்தில் கற்றுக்கொண்டு வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். என்ன வேலை என்று அதிகாரி கேட்டார். “எலிகளின் நத்தையில் வேலை செய்கிறேன்” என்றேன்.

“எலியா, நத்தையா?”

“எலிக்குள் இருக்கும் நத்தை.”

அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்து மேசைப் பெண்மணியிடம் என்னவோ கேட்டார். பிறகு என்னை மூன்றாம் மாடிக்கு அனுப்பினார்கள். அது விலங்குகளைக் கொண்டுவருகிறவர்களுக்கான பிரிவு என்பது பின்னால்தான் தெரிந்தது. அங்கிருந்தவர் மிகவும் பொறுமையாக, “மொத்தம் எத்தனை நத்தைகள்?” என்று கேட்டார்.

“ஒரு எலிக்கு இரண்டு” என்றேன்.

அவர் அதைப் படிவத்தில் எழுதிக்கொண்டார். மூன்று நாள் கழித்து எங்கள் பேராசிரியர் தொலைபேசியில் பேசித்தான் என்னை நத்தை வியாபாரத்திலிருந்து மீட்டெடுத்தார்.

இந்த வருடம் பேக்கரிப் பெண்ணிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவள் சிரித்துவிட்டு, “சரி, உங்களுக்கு ஏன் காதின் மேல் இவ்வளவு அக்கறை?” என்று கேட்டாள். வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று என்னிடம் இருந்தது. இப்போது அதைச் சொல்வதில்லை. ஏன் சொல்வதில்லை என்பதை ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதலாம் என்று தோன்றியது.

2

என் வேலை இதுதான். சுண்டெலிக் குட்டியின் உட்காதைத் திறந்து, அந்தச் சுருளை மெதுவாக விரித்து, நுணுக்குக்காட்டியின் கீழே வைத்துப் பார்ப்பேன். தாயின் வயிற்றில் அந்தச் சுருள் உருவாகும்போது அதற்குள் ஒரு பட்டை நீளத்துக்குக் கலங்கள் எல்லாம் ஒரே மாதிரியாகத்தான் இருக்கும். பிறகு ஒரு கலத்தில் ஒரு பரம்பரையலகு விழித்துக்கொள்ளும். வெளியே செல், ஜீன் என்று சொல்வதை எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் கலம், பரம்பரையலகு என்றுதான் போட்டிருந்தார்கள், அந்தச் சொற்கள்தான் எனக்கு நாக்கில் நிற்கின்றன. விழித்த கலம் சத்தத்தை உணரும் மயிர்க்கலமாக மாறத் தொடங்கும். மாறும்போதே பக்கத்துக் கலத்தைத் தொட்டு, நீ மாறவேண்டாம் என்று தெரிவித்துவிடும். பக்கத்துக் கலம் விட்டுக்கொடுத்து, அதைத் தாங்கிப் பிடிக்கும் கலமாக நின்றுகொள்ளும். கடைசியில் பார்த்தால் உள்ளே ஒரு நிரை, கொஞ்சம் இடைவெளி, வெளியே மூன்று நிரை. நூல் பிடித்த மாதிரி இருக்கும். பதினான்கு வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

மீனுக்கும் பறவைக்கும் இந்தக் கலங்கள் செத்தால் மறுபடி முளைக்கும். எலிக்கும் நமக்கும் செவிப்புலன் அப்படித் திரும்பிவராது. ஏன் என்பதுதான் எங்கள் கூடத்தின் கேள்வி.

நான் பிறந்தது புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பா தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் இயந்திரத்தடியில் நின்றார், அம்மா கொழுந்து பறித்தாள். எனக்குப் பத்து வயதானபோது தங்கச்சி தேவி பிறந்தாள். எட்டு மாதக் குழந்தையான அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாவும், பக்கத்தில் நானும் நுவரெலியா வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோது, வளைவில் வந்த பஸ் காதைக் கிழிக்கிற மாதிரி ஹோர்ன் அடித்தது. நான் துள்ளி விழுந்தேன். தேவி தூக்கத்திலேயே இருந்தாள். அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கு நாங்கள் எங்கே போக நின்றோம் என்பது இப்போது எனக்கு நினைவில்லை.

காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் தேவிக்குக் கண்டிப் பக்கத்தில்தான் கிடைத்தது. அதற்காகவே அப்பா தோட்டத்தை விட்டு, கட்டுகஸ்தோட்டையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பு சிங்களத்தில். ஆகவே தேவிக்கு எழுத வருவது சிங்களம், பேச வருவது கை. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அந்தக் கைமொழி தெரியாது. அவளும் நானும் எங்களுக்கென்று சில சைகைகள் வைத்திருந்தோம். மீசையைத் தடவினால் அப்பா. நெற்றியில் கூடைக்கயிற்றை இழுத்தால் அம்மா. இரண்டு தோளிலும் விரலை ஓட்டினால் இரட்டைச் சடை போட்ட நான். அப்பா, அம்மாவுக்கு அவ்வளவும் கூட வரவில்லை. சோறு, பள்ளிக்கூடம், வா, போ என்பதோடு அவர்கள் நின்றுவிட்டார்கள்.

நான் உயிரியல் படித்ததற்குக் காரணம் தேவி. பல்கலைக்கழக நேர்முகத்திலும் சொன்னேன், புலமைப்பரிசில் விண்ணப்பத்திலும் எழுதினேன், ஜெர்மனியில் மேடை மேடையாகவும் சொன்னேன். அதுதான் அந்த வழக்கமான பதில்.

3

ஒரு மாநாட்டில் நான் பேசியதை இணையத்தில் போட்டிருந்தார்கள். தேவி என் பெயரைத் தேடி அதைக் கண்டுபிடித்தாள். பேச்சு அவளுக்கு வேண்டியதில்லை, படங்களைப் பார்த்தாள். முதல் படத்தில் இரண்டு பாதி இருந்தது. இடப்பக்கம் நல்ல எலியின் மயிர்க்கலங்கள், நாலு நிரையும் ஒழுங்காக. வலப்பக்கம் பரம்பரையலகு பழுதான எலியின் கலங்கள். அந்த வலப்பக்கத்தின் மூலையில், வெள்ளைச் சீருடையில், ரிப்பன் கட்டிச் சிரித்துக்கொண்டு தேவி.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளிடமிருந்து சிங்களத்தில் குறுஞ்செய்தி வந்தது. “அக்கா, எலிக்குப் பக்கத்தில் நான் ஏன் இருக்கிறேன்?”

நான் நீளமாக ஒரு விளக்கம் எழுதினேன். உன்னால்தான் இந்த வேலைக்கே வந்தேன், உன் மேல் உள்ள பாசத்தால்தான், அது இது என்று. அவள் வாசித்துவிட்டு ஒரே வரி அனுப்பினாள்.

“நான் பழுதா?”

அப்போது நான் ஆய்வுகூடத்துச் சமையலறையில் மதியச் சாப்பாட்டைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். பெட்டி மணியடித்துச் சூடாகிவிட்டது என்று சொன்னது. எடுக்கவே இல்லை. அன்றைக்கே அந்தப் படத்தை நீக்கினேன். ஆனால் அந்த ஆரம்பம் இல்லாமல் என் பேச்சை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பல மாதம் தடுமாறினேன். அவ்வளவு காலம் அவளைப் பிடித்துக்கொண்டுதான் நான் மேடையில் நின்றிருக்கிறேன்.

தேவி அதிகம் கோபித்துக்கொள்கிறவள் அல்ல. ஆனால் அதற்குப் பிறகு வீடியோ அழைப்பில் அவள் என்னைத் தேடுவது குறைந்தது. என் மகள் யாழினியைத்தான் கேட்பாள்.

யாழினிக்கு இப்போது பன்னிரண்டு வயது. என் கணவர் குகன் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் ‘வாறன்’ என்பார், நான் ‘வாரேன்’ என்பேன். குழந்தை எதைச் சொன்னாலும் எங்களில் ஒருவர் திருத்துவோம். ஐந்து வயதில் அவள் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு ஜெர்மனுக்குப் போய்விட்டாள். அதன்பின் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். சனிக்கிழமைதோறும் வயிற்றுவலி வந்தது. ஊருக்குப் பேசும்போது அவள் என் அப்பாவிடம் “ஹலோ தாத்தா” என்பாள், அதோடு தமிழ் முடிந்துவிடும்.

ஆனால் தேவியிடம் அவள் மணிக்கணக்கில் பேசினாள். தேவி கையைக் காட்டுவாள், இவள் திருப்பிக் காட்டுவாள், பிழைவிட்டால் தேவி விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்த மொழியில் யாழினியைத் திருத்த நானும் குகனும் இல்லை. ஒரு நாள் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். என் மகள் இரண்டு கையாலும் யாரையோ பற்றி வம்பு பேசிக்கொண்டிருந்தாள். யாரைப் பற்றி என்று சீக்கிரமே புரிந்தது. விரல் இரண்டு தோளிலும் ஓடியது.

4

தேவி குண்டசாலையில் ஒரு தையல் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை செய்தாள். தெல்தெனியவில் நடந்த காது கேளாதவர்களின் கிரிக்கெட் போட்டிக்குச் சிநேகிதிகளோடு போனபோது மோகனைச் சந்தித்தாள். மோகன் பிலிமத்தலாவையில், கொழும்பு வீதியோரத்து கராஜ் ஒன்றில் வாகனங்களின் நசுங்கல் எடுக்கிறவர். பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அந்தச் சுத்தியல் சத்தத்தில் கூட வேலை செய்கிறவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் காது மந்தமாகிறது, மோகனுக்கு அந்தக் கவலை இல்லை. உள்ளங்கையை வைத்துத் தகரத்தைத் தடவியே எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கண்டுபிடித்துவிடுவார். முதலாளிக்கு அவர் இல்லாமல் ஒரு நாள் ஓடாது.

இரண்டு வருடம் கழித்து வீட்டில் சொன்னார்கள். அப்பா முடியாது என்றார். எனக்கு அழைப்பு வந்தது.

“பையன் நல்லவன்தான் செல்வி. குடி கிடி ஒண்ணும் இல்ல. ஆனா ரெண்டு பேருக்கும் காது கேக்காது. பொறக்குற புள்ளைக்கும் கேக்காமப் போச்சுன்னா?”

“போனா என்னாப்பா? நாங்கல்லாம் இல்லையா?”

“ஆ?”

“நாங்க இருக்கோம்னு சொன்னேன்!”

“எதுக்குக் கத்துற? எனக்கு நல்லாத்தான் கேக்குது.”

அப்பாவுக்கு நன்றாகக் கேட்காது. இருபது வருட இயந்திரச் சத்தம் அவருடைய மயிர்க்கலங்களில் பாதியையாவது கொண்டுபோயிருக்கும். காதில் கருவி மாட்டச் சொன்னால், அது செவிடர்களுக்கு என்பார்.

அன்றைக்கு அவர் ஒரு நிபந்தனை வைத்தார். “நீதான காதப் பத்திப் படிச்ச. இத்தன வருஷம் என்னாதான் பாத்த? ரத்தத்தப் பாத்துச் சொல்லு. கேக்குற புள்ள பொறக்கும்னா நானே முன்ன நின்னு செஞ்சி வைக்கிறேன்.”

தங்கச்சியைப் படத்தில் எலிக்குப் பக்கத்தில் வைத்த குற்றத்துக்கு, அவளுடைய கல்யாணத்துக்கே நீதிபதியாக உட்காரும் தண்டனை. தேவியிடம் கேட்டேன். யாழினி இடையில் இருந்து சொன்னாள். தேவியின் பதில் இது. அப்பாவுக்காகச் செய்யமாட்டேன். எனக்கே என் காதுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய ஆசை, மோகனுக்கும் ஆசை, ஆகவே சரி. முடிவு எதுவானாலும் கல்யாணம் சித்திரையில்.

எங்கள் கூடத்தில் செய்ய முடியுமா என்று பேராசிரியரிடம் விசாரித்தேன். அவர் பெரிய கோப்பு ஒன்றைத் திறந்து காட்டினார். எங்களுக்கு அனுமதி எலிகளுக்கு மட்டும். மனித ரத்தத்துக்கு வேறு குழு, வேறு படிவம், அதிலும் சொந்தக்காரர் என்றால் கதவே இல்லை. “உன் தங்கச்சி எலியாக இருந்தால் நாளைக்கே செய்யலாம்” என்று பகிடியாகச் சொன்னார். அவருக்கு அந்தப் படத்தின் கதை தெரியாது. நான் சிரித்து வைத்தேன்.

கடைசியில் கண்டியிலேயே ஒரு மருத்துவர் முன்வந்தார். அப்பா, அம்மா, தேவி, மோகன், மோகனின் அம்மா என்று ஐந்து பேரும் ரத்தம் கொடுத்தார்கள். முடிவு வர மாதங்கள் ஆயின. வந்ததும் மருத்துவர் கைமொழி தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு தேவிக்கும் மோகனுக்கும்தான் முதலில் விளக்கினார். அதுதான் முறை. கடிதத்தைத் தேவி வாங்கி உறையில் போட்டு, பசை தடவி ஒட்டி வைத்தாள். அக்கா வந்து வாசிக்கட்டும் என்றாள். நானும் யாழினியும் விமானம் ஏறினோம்.

5

கட்டுகஸ்தோட்டை வீட்டின் முன்னறையில் ஆறு பேர். கதிரைகள் போதாமல் மோகன் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தார். அம்மா ப்ளேன்டீ கொண்டுவந்தாள். உறை மேசை நடுவில் கிடந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கையை நீட்டியபோது தேவி தன் உள்ளங்கையை உறையின் மேல் வைத்து அழுத்தினாள். பிறகு மற்றக் கையால், அப்பாவைப் பார்த்தபடி, வேகமாகச் சொல்லத் தொடங்கினாள். ஒரு கை போதாமல் உறையை முழங்காலுக்கு அடியில் செருகிவிட்டு இரண்டு கையாலும் சொன்னாள். யாழினி அதை ஜெர்மனில் எனக்குச் சொன்னாள். நான் தமிழில் அப்பாவுக்குச் சொன்னேன்.

யாழினி சொன்னது இது. “சித்தி சொல்கிறாள், கடிதத்தைப் பிரிப்பதற்கு முன்பே தாத்தா சரி சொல்லவேண்டும். பிரித்த பிறகு சொல்கிற சரி எனக்கு வேண்டாம். கேட்காத பிள்ளை வேண்டாம் என்றால், அவர் வேண்டாம் என்பது என்னைத்தான். நான் பிறந்தது பிழையா என்று அவரிடம் கேள்.”

நான் அப்பாவிடம், “தேவி என்னா சொல்றான்னா, நீங்க சந்தோஷமா சம்மதிச்சா அவளுக்குச் சந்தோஷம்ங்கிறா” என்றேன்.

யாழினி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். ஜெர்மனில் பதில் சொல்கிறவளுக்குத் தமிழ் புரியாது என்று நான் எப்போதோ நினைத்துக்கொண்டுவிட்டேன் போலிருக்கிறது.

“அம்மா பொய் சொல்றா!” என்றாள் உரக்க. தமிழில்தான் சொன்னாள். “சித்தி அப்பிடிச் சொல்லேல்ல, தாத்தா! சித்தி கேக்கிறா... சித்தி கேக்கிறா, நான் பிறந்தது பிழையோ எண்டு!”

சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ். அவளுடைய அப்பாவின் குரலே வந்து நின்ற மாதிரி இருந்தது.

அப்பா கையைக் காதருகே கொண்டுபோனார். “ஆ? என்னா சொல்ற?”

பாவம், அவள் அதை இரண்டாம் தரம் சொல்லவேண்டியிருந்தது. இந்தத் தடவை கத்திச் சொன்னாள். அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

 முதலில் பேசியது அம்மா. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, தேவியையும் பார்க்கவில்லை, கையிலிருந்த தட்டைப் பார்த்துப் பேசினாள். “அவ மேல என்னா பிழை. இவ வயித்துல இருக்கறப்ப நான்தான் மழைக்குள்ள தண்ணி ஓடுற கான்ல வழுக்கி விழுந்தேன். காய்ச்சலுக்கு மாத்திரையும் குடிச்சேன். அப்பவே ஒங்கப்பா சொன்னாரு, ஒன்னாலதான் புள்ளைக்கு இப்புடின்னு.”

ஒரு கோபத்தில் அப்பா எப்போதோ ஒருமுறை சொன்னதாக இருக்கலாம். அம்மா அதை முப்பத்தொரு வருடம் வைத்திருந்திருக்கிறாள். எனக்கு அது அன்றுவரை தெரியாது.

அப்பா எழுந்தார். வெளியே போகப்போகிறார் என்று நினைத்தேன். அவர் யாழினியிடம் போய்க் குனிந்து, “சரின்னு எப்புடிச் சொல்றது?” என்று கேட்டார்.

யாழினி கையால் காட்டினாள். அப்பா அதைப் போலச் செய்து பார்த்தார். விரல்கள் சரியாக மடியவில்லை. யாழினி பிடித்து மடித்துவிட்டாள். அவர் தேவியின் முன்னால் போய் நின்று அந்தச் சைகையைச் செய்தார். ஒருமுறை செய்தால் விளங்காதோ என்று மூன்று நாலு முறை செய்தார்.

தேவி முழங்காலுக்கு அடியிலிருந்து உறையை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

நான் பழைய கலண்டர் தாளொன்றின் பின்பக்கத்தில் சுருளையும் நாலு நிரையையும் வரைந்தேன். ஒரு கலம் மாறும்போது பக்கத்துக் கலத்தை எப்படித் தள்ளி நிறுத்துகிறது என்று சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா எட்டிப் பார்த்தாள்.

“இது நெர புடிக்கிறதுதான” என்றாள். “கொழுந்து எடுக்கறப்ப மலையில ஒருத்தி ஒரு நெரையில எறங்கிட்டா அடுத்தவ அதுக்குள்ள எறங்கமாட்டா. அவ தள்ளிப் போயி அடுத்த நெர புடிப்பா.”

நாங்கள் வருடக்கணக்காகப் படங்கள் போட்டு மாணவர்களுக்கு விளங்கப்படுத்துவதை அம்மா ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள்.

தேவியின் காதில் நாலு நிரையும் சரியாகத்தான் இறங்கியிருக்கின்றன. ஒவ்வொரு மயிர்க்கலத்தின் தலையிலும் சின்ன மயிர்கள் படிக்கட்டு மாதிரி வளரவேண்டும். அந்த மயிரின் நுனிக்கு வேண்டியதைச் சுமந்துபோகிற ஒரு பொருள் உண்டு. அதைச் செய்யச் சொல்லும் பரம்பரையலகில் அவளுக்கு ஓரெழுத்து மாற்றம். ஆகவே மயிர்கள் குட்டையாகவே நின்றுவிட்டன. ஒவ்வொருவருக்கும் அந்தப் பரம்பரையலகு இரண்டு பிரதி. ஒன்று அப்பாவிடமிருந்து வரும், மற்றது அம்மாவிடமிருந்து. ஒன்று நல்லதாக இருந்தாலே காது கேட்கும். அம்மா அப்பாவுக்கு மாமன் மகள். இருவரிடமும் ஒரே மாற்றம் ஒவ்வொரு பிரதியில் இருந்திருக்கிறது, தேவிக்கு இரண்டும் சேர்ந்து வந்துவிட்டது.

“கான்ல விழுந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. மாத்திரைக்கும் இல்ல. நீங்க பாதி, அப்பா பாதி. ரெண்டு பேருமே தெரிஞ்சி குடுக்கல.”

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். அப்பா அவளைப் பார்த்தார். “அப்ப இத்தன வருஷமா...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பிறகு, “நானும் பாதியா?” என்று மட்டும் கேட்டார்.

“நீங்களும் பாதி.”

“அத மொதல்லயே எவனாவது சொல்லியிருக்கலாம்” என்றார், யார் மேல் என்று தெரியாத கோபத்தோடு. பிறகு போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மோகனுடையது வேறு பரம்பரையலகு. அது மயிர்க்கலத்தில் அல்ல, அதைச் சுற்றி நிற்கும் கலங்களில் ஒன்றுக்கொன்று இருக்கும் வாசலைக் கட்டுகிறது. அவர் தருவதில் தேவியின் குறை இருக்காது, தேவி தருவதில் அவருடைய குறை இருக்காது. பிறக்கும் பிள்ளைக்கு இரண்டிலும் ஒவ்வொரு நல்ல பிரதி கிடைத்துவிடும். அநேகமாகக் காது கேட்கும். அதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். தேவி சும்மா தலையாட்டினாள். மோகன் அரிசி மூட்டையில் இருந்தபடி என்னவோ கையால் சொன்னார், தேவி அவர் தோளில் ஓர் அடி போட்டாள்.

“என்னா சொல்றாரு?” என்று நான் யாழினியிடம் கேட்டேன்.

“காது கேக்கிற பிள்ளை எண்டால் ராத்திரியில எங்கட வீட்டுச் சத்தத்துக்கு அதுக்கு நித்திரை வராதாம்” என்றாள். காது கேளாதவர்கள் பாத்திரம் உருட்டும் சத்தத்தை நீங்கள் கேட்டிருந்தால் அது பகிடி அல்ல என்று தெரியும்.

6

சித்திரையில் பதிவுத் திருமணம். பதிவாளர் நல்ல மனிதர், ஆனால் மணமக்கள் சம்மதம் சொல்வதைத் தானே அறியவேண்டும் என்றார். கைமொழி பெயர்த்துச் சொல்ல வரவேண்டியவர் பேராதனைச் சந்தியில் நெரிசலில் மாட்டிக்கொண்டார். யாழினி செய்யலாமா என்றேன். வயது போதாது என்றார். வேறு வழியில்லாமல் அவரே தேவியைப் பார்த்து, “கெமதித?” என்று கேட்டார். சம்மதமா என்று அர்த்தம். தேவி புன்னகைத்தாள். இன்னும் உரத்துக் கேட்டார். மூன்றாம் முறை அவர் கேட்ட சத்தத்தில் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“சேர், சத்தம் போட்டா எனக்குத்தான் கேக்கும்” என்றார் அப்பா.

பதிவாளருக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு தாளை எடுத்துச் சிங்களத்தில் கேள்வியை முழு வசனமாக எழுதித் தேவியிடம் நகர்த்தினார். தேவி வாசித்தாள். பேனையை வாங்கினாள். அவர் எழுதியதில் ஓரிடத்தில் மெதுவாகக் கோடு போட்டு, மேலே சரியான எழுத்தை எழுதினாள். சிங்களத்தில் இரண்டு ‘ந’ உண்டு, அவர் மற்றதைப் போட்டுவிட்டார். அதன் பிறகு கீழே, ஆம் என்று எழுதினாள்.

பதிவாளர் தாளைப் பார்த்தார். பிறகு முழு அலுவலகமும் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தார். “இவ்வளவு விளங்கினால் போதும்” என்றார்.

அன்றைக்கு விருந்து வைத்த மண்டபத்தில் மோகனின் நண்பர்கள் நாற்பது பேராவது வந்திருந்தார்கள். இவ்வளவு அமைதியாக இவ்வளவு பேச்சு நடந்த கல்யாணத்தை நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்துச் சொந்தக்காரர்கள் ஒரு மூலையில் ஒன்றும் விளங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். யாழினி மேசைக்கு மேசை ஓடி அங்கே சொன்னதை இங்கே தமிழிலும், இங்கே சொன்னதை அங்கே கையிலும் சொன்னாள். பெரியம்மா ஒருத்தி அவளைப் பிடித்து, “யாரு புள்ள நீ, யாழ்ப்பாணமா?” என்று கேட்டாள்.

“ஓம்” என்றாள் என் மகள். “கண்டியும்தான்.”

நான் திருத்தவில்லை.

7

திரும்பி வந்து பழையபடி எலிகளோடு இருக்கிறேன். என் பேச்சை இப்போது நிரை பிடிக்கும் பெண்களைப் பற்றிச் சொல்லித்தான் தொடங்குகிறேன். தேவியிடம் கேட்டு, அவள் சரி என்றதால் அவளுடைய கல்யாணப் படத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன். எந்த எலிக்கும் பக்கத்தில் இல்லை. எங்கள் வேலையால் ஒரு நாள் செத்த மயிர்க்கலங்கள் மறுபடி முளைக்கலாம். அப்பா மாதிரி கேட்டுக்கொண்டிருந்து இழந்தவர்களுக்கு அது பெரிய காரியம். வேண்டும் என்கிறவர்களுக்கு வேண்டும் என்கிறபோது கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

கல்யாணமான அடுத்த வருடமே தேவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் சின்னக் கருவியைக் காதில் வைத்துப் பார்த்தார்கள். கேட்கிறது. தேவி அதை ஒரு வரியில் அறிவித்துவிட்டு, மூக்கு மோகனுடையது என்று பத்து வரி எழுதினாள்.

கட்டுகஸ்தோட்டையில் பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது அப்பாவும் அம்மாவும். பேச்சு சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அப்பா தானே எடுத்துக்கொண்டார். குழந்தையை மடியில் வைத்து, “தாத்தா சொல்லு, தாத்தா” என்று மாதக்கணக்கில் பாடம் நடந்தது. குழந்தை அவர் மீசையைப் பிடித்து இழுத்ததோடு சரி.

போன ஞாயிறு முற்பகல் அப்பாவின் அழைப்பு வந்தது. முகம் திரைக்கு மிக அருகில், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

“செல்வி! பேசிட்டா! புள்ள பேசிட்டா!”

குகனும் யாழினியும் ஓடிவந்தார்கள். “என்னாப்பா சொன்னா? தாத்தான்னாளா?”

“இல்ல, இல்ல. பாலு கேட்டா. என்னையப் பாத்துக் கேட்டா.”

“எப்புடிச் சொன்னா? பாலுன்னா, பா-ன்னா?”

அப்பா போனை அம்மாவிடம் கொடுத்து நேராகப் பிடிக்கச் சொன்னார். கொஞ்சம் பின்னால் தள்ளி நின்றார். அந்தப் பெரிய கையைத் திரைக்கு முன்னால் உயர்த்தி, பால் கறப்பது போல விரல்களை மடக்கி விரித்து, மடக்கி விரித்துக் காட்டினார்.

“இப்புடி” என்றார். “தெளிவா.”